கட்டிலுக்குப் பணம் ரெடி... அம்மாவுக்கு?

ஆபீஸில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் என்ன நடக்கும்? பதினொரு மணிக்கு கேக். பதினொன்றே காலுக்கு, ''ட்ரீட் எங்கே மச்சி?'' என்று நச்சரிப்பு. கொஞ்சம் மனசு உள்ள ஆசாமியாக இருந்தால், ''இந்த வருஷம் ட்ரீட் கிடையாதுப்பா... ஒரு அனாதை இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாடு சொல்லிட்டேன்'' என்பார். அப்பாவுக்குத் திதி, கல்யாண நாள், பிரமோஷன் என்று எல்லாவற்றுக்கும் இப்போது இதே வழக்கம்தான்.

நல்ல காரியம். யார் குறை சொல்லப் போகிறார்கள்? வரிசையாக நின்று குழந்தைகள் ''தேங்க்யூ அங்கிள்'' சொல்லும்போது, இருபத்தாறு வயசிலேயே அங்கிள் ஆகிவிட்ட துக்கம்கூடப் பெரிதாகத் தெரியாது!

ஆனால் ஒரே ஒரு கேள்வி. அந்த வரிசையில் நின்ற குழந்தைகளில் எத்தனை பேர் நிஜமாகவே அனாதைகள்?

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் நாடு முழுக்க இருக்கும் குழந்தைகள் இல்லங்களைக் கணக்கெடுத்தது. 2018-ல் வெளியான அந்த அறிக்கையில் 9,589 இல்லங்கள் இருந்தன. பராமரிப்புத் தேவை என்று அங்கே தங்க வைக்கப்பட்டிருந்த குழந்தைகள் சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம் பேர். இவர்களில் அப்பா, அம்மா இருவரையும் இழந்த அனாதைகள் சுமார் 42 ஆயிரம்தான். அதாவது ஒன்பது பேருக்கு ஒருவர்! அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் உள்ள குழந்தைகள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம்.

அப்படியானால் மற்ற குழந்தைகள் எல்லாம் அங்கே ஏன் இருக்கிறார்கள்? வீட்டில் அடி, உதை, கொடுமை என்று மீட்கப்பட்டவர்கள் உண்டு. வழிதவறி ரயில் ஏறியவர்கள் உண்டு. ஆனால் பெரும்பகுதிக்குக் காரணம் ஒரே வார்த்தை: வறுமை. அதிலும் ஒரு விசித்திரமான வறுமை. குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு பைசா கிடைக்காது. வெளியே கொண்டுபோய் விட்டால் சாப்பாடு, யூனிஃபார்ம், கட்டில், கொசுவலை எல்லாம் கிடைக்கும்!

செல்வியின் கணக்கு

எல்லாம் எப்படி நடக்கிறது என்று பார்க்க, செல்வி என்று ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். கவரைப்பேட்டை பக்கம் ஒற்றை அறை வாடகை வீடு. கணவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒருநாள் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மகளுக்கு ஒன்பது வயசு, மகனுக்கு ஆறு.

செல்வி சோம்பி உட்காரவில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஒரு நாளைக்கு 400 ரூபாய், மாதம் 26 நாள், ஆக 10,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, அரிசி, பருப்பு, பஸ் போக இழுத்துப் பிடித்து ஓட்டலாம். பிரச்னை பணத்தில் மட்டும் இல்லை. வாரா வாரம் ஷிஃப்ட் மாறுகிறது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் ரெண்டு குழந்தைகளையும் யார் பார்ப்பது? வீட்டுக்கார அம்மா ரெண்டு வாரம் பார்த்தாள். மூணாவது வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூட்டிவிட்டுப் போகலாமா? பெண் குழந்தை. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இந்த நேரத்தில்தான் யாராவது வந்து சொல்வார்கள்: ''எனக்குத் தெரிஞ்ச ஹாஸ்டல் ஒண்ணு இருக்கு செல்வி. சோறு, படிப்பு, துணிமணி எல்லாம் ஃப்ரீ. ஒரே ஒரு வருஷம் விட்டுப் பாரேன். நீ நிமிர்ந்ததும் கூட்டிட்டு வந்துக்கலாம்.''

ஜூன் மாசம் டிரங்குப் பெட்டியோடு குழந்தைகளை விட்டுவிட்டு வருகிறாள்.

அந்த 'ஒரு வருஷம்' நீள்வதுதான் கொடுமை. பார்க்கப் போனால் ஒருநாள் சம்பளம் போச்சு. அதனால் மாதம் ஒருமுறை என்பது ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆகும். ''பரீட்சை முடியட்டும்மா'' என்பார்கள். பரீட்சை முடிந்தால், ''எட்டாவது வரைக்கும் இங்கேயே படிக்கட்டுமே'' என்பார்கள். சின்னவன் முதல் தடவை அழுதான். மூணாவது தடவை அழவில்லை. ஆறாவது தடவை அம்மா மடியில் உட்காரக் கூச்சப்பட்டான். நமக்கு மூணு வருஷம் என்பது ஒரு பைக் லோன். ஆறு வயசுப் பையனுக்கு அது அவன் வாழ்ந்ததில் பாதி!

யார் மீது தப்பு? அம்மா மீது இல்லை. ஹாஸ்டல்காரர் மீதும் இல்லை, அவர் நல்லவராகவே இருக்கட்டும். தப்பு, பணம் போகிற பாதையில் இருக்கிறது.

சட்டம் ஒன்று சொல்ல... பணம் ஒன்று செய்ய!

2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தைப் புரட்டினால் ஆச்சரியமாக இருக்கும். குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், சொந்தக் குடும்பத்தோடு வளர்வது அதன் உரிமை என்று அடிப்படைக் கொள்கையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்குப் பண உதவி தர நிதி ஆதரவுத் திட்டம், வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக வளர்க்க வளர்ப்புப் பராமரிப்பு என்று வழிகளும் இருக்கின்றன.

சுப்ரீம் கோர்ட்டும் இதைத்தான் சொன்னது. 2007-ல் மாமல்லபுரம் பக்கத்து அனாதை இல்லங்களில் நடந்த அக்கிரமங்கள் பற்றி வந்த ஒரு கடிதத்தைக் கோர்ட் வழக்காகவே எடுத்துக்கொண்டது. பத்து வருஷம் கழித்து 2017 மே 5-ம் தேதி தீர்ப்பு. எல்லா இல்லங்களையும் அந்த வருடக் கடைசிக்குள் பதிவு செய்யுங்கள், எடுத்த எடுப்பில் இல்லத்தில் போடாமல் தத்து, வளர்ப்புப் பராமரிப்பு போன்ற மாற்று வழிகளையும் பாருங்கள் என்றது நீதிபதி மதன் லோகுர் எழுதிய அந்தத் தீர்ப்பு. நம் பக்கத்து ஊரில் தொடங்கிய வழக்கு நாட்டுக்கே விதியானது.

சரி, பணம் என்ன சொல்கிறது?

2022-ல் வந்த 'மிஷன் வாத்சல்யா' விதிகளின்படி, நிதி ஆதரவுத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் குடும்பத்துக்கே கிடைக்கும். கணவனை இழந்த பெண்களின் குழந்தைகளுக்கு முன்னுரிமை. சபாஷ்! செல்விக்கு ரெண்டு குழந்தை, 8,000 ரூபாய். ஊரிலிருக்கும் அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம். நைட் ஷிஃப்ட் பிரச்னையே தீர்ந்தது.

அவசரப்படாதீர்கள். வருமான வரம்பு என்று ஒன்று இருக்கிறது. கிராமப்புறத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். மாதக் கணக்கில் 6,000, 8,000. நம் செல்வியின் சம்பளமோ ஆண்டுக்கு 1,24,800. ஆக, வேலைக்குப் போனதே அவள் செய்த குற்றம்! வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் உதவிக்குத் தகுதி. வேலைக்குப் போனால் குழந்தைகளை ஹாஸ்டலில் விட வேண்டும்.

செல்வியை விட ஏழையான ஒரு பெண் என்றே வைத்துக்கொள்வோம். வரம்புக்குள் வருகிறாள். அடுத்து, வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், கணவரின் இறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்று, பேங்க் கணக்கு... இதையெல்லாம் சேர்த்துக்கொண்டு மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்குப் போக வேண்டும். மேப்பில் பார்த்தால் கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம். ரயிலில் பார்த்தால் ரெண்டும் வேறு வேறு லைன்! கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்னை வரை வந்து, அங்கிருந்து அரக்கோணம் லைனில் வண்டி மாற வேண்டும். பஸ் என்றால் பெரியபாளையம் பக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எப்படிப் போனாலும் ஒருநாள் கூலி காலி. ''அந்த கையெழுத்து இல்லையேம்மா, அடுத்த வாரம் வாங்க'' என்று ஒரு வார்த்தை வந்தால் இன்னொரு நாள் கூலி காலி. நாலு தடவை அலைந்தால் 1,600 ரூபாய் போச்சு. அலைச்சலுக்குப் பஸ் காசு கொடுக்கத் திட்டத்தில் தலைப்பு கிடையாது. ஹாஸ்டலில் சேர்க்கவோ ஒரே ஒரு நாள் போதும்.

செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை சுற்றுவட்டாரச் செங்கல் சூளைகளில் நிலைமை இன்னும் மோசம். ஒடிசாவிலிருந்து சீஸனுக்கு வரும் குடும்பங்கள், நம் ஊர் இருளர் குடும்பங்கள்... மழை தொடங்கினால் சூளை மூடும், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆறு மாதம் ஒரு விலாசம், ஆறு மாதம் இன்னொரு விலாசம். இவர்களிடம் நிரந்தர முகவரிச் சான்று கேட்டால் எங்கே போவார்கள்? வடமாநிலத் தொழிலாளியின் பிள்ளை ஏதோ காரணத்தால் இல்லத்துக்கு வந்துவிட்டால், சொந்த மாவட்டத்துக்கு அனுப்பி வைக்கச் சட்டத்தில் 95-வது பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த ஊர்க் குழு வீட்டைப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், கூட்டிப்போகத் துணை போலீஸ் கிடைக்க வேண்டும், டிக்கெட் கிடைக்க வேண்டும். அதுவரை பிள்ளை எண்ணிக்கொண்டிருப்பது நாட்களை.

அரசு உதவி பெறும் இல்லத்துக்கோ, அதே 2022 விதிகளில் ஒரு குழந்தைக்கு மாதம் 3,000 ரூபாய் பராமரிப்புத் தொகை. ஊழியர் சம்பளம் தனி. அரசு உதவி வாங்காத இல்லங்களுக்கு நம் பிறந்தநாள் சாப்பாடும் நன்கொடையும். குழந்தை உள்ளே இருக்கும் வரைதான் இந்தப் பணம் வரும். வீட்டுக்குப் போன மறுநாளே நின்றுவிடும். எவ்வளவு நல்ல மனிதர் நடத்தினாலும், குழந்தையை வீட்டுக்கு அனுப்புவது அவருக்கு நஷ்டம்!

அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த ஓட்டை

''இதெல்லாம் நம்ம ஊர் தலையெழுத்து சார்'' என்று பெருமூச்சு விட வேண்டாம். அமெரிக்காவிலும் இதே கூத்துதான். அங்கே பெரிய ஹாஸ்டல்கள் குறைவு. குழந்தைகளைப் பெரும்பாலும் வளர்ப்புக் குடும்பங்களில் விடுவார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை வாஷிங்டன் மத்திய அரசு கொடுக்கும். குழந்தை வீட்டை விட்டு வெளியே வந்தால் பணம். வீட்டிலேயே வைத்துக் காப்பாற்ற வேண்டுமென்றால் கொஞ்சமே கொஞ்சம். வருமான வரம்பும் உண்டு. 1996 ஜூலையில் இருந்த பழைய வரம்பையே பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். நம் ஊர் ரூல்ஸ் ராமானுஜங்களுக்கு அங்கேயும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் போலும்!

1994-ல் அவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். சில மாநிலங்கள் மட்டும் இந்த விதிகளிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு, அதே பணத்தை வேறு விதமாகச் செலவழித்துப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை... பலன் என்ன என்று வெளியாளை வைத்து அளந்து காட்ட வேண்டும்.

ஒஹையோ மாநிலம் 1997-ல் இறங்கியது. 14 கவுன்டிகளுக்கு, அதாவது நம் மாவட்டம் மாதிரியான பகுதிகளுக்கு, மொத்தமாக ஒரு தொகை. 'குழந்தை வெளியே இருந்தாலும் சரி, வீட்டில் இருந்தாலும் சரி, இதற்குள் சமாளியுங்கள். மிச்சம் பிடித்தால் அதையும் குழந்தைகளுக்கே செலவழியுங்கள்.' பணம் கையில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். முதல் சில வருடங்களை அளந்து பார்த்தபோது, பழைய விதியில் இருந்த பகுதிகளோடு ஒப்பிட்டால் எதிர்பார்த்த அளவு பெரிய வித்தியாசம் இல்லை! அதன்பிறகுதான் பணத்தோடு ஆளையும் வழியையும் சேர்த்தார்கள். குடும்பத்தையும் சொந்தக்காரர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேசுவது, பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் பாட்டி, சித்திக்கு நேரடியாக உதவுவது என்று குறிப்பான வேலைகளில் இறங்கினார்கள். பணத்தின் கட்டை அவிழ்த்தால் மட்டும் போதாது, அவிழ்த்த பணத்தை எதற்கு என்று தெரிந்த ஆள் வேண்டும். ஒஹையோ தந்த பாடம் அது.

இல்லினாய் மாநிலம் இன்னொரு விதம். அங்கே ஏராளமான குழந்தைகள் பாட்டி, அத்தை வீடுகளில் 'வளர்ப்புக் குழந்தை' என்ற முத்திரையோடு இருந்தார்கள். மாதா மாதம் அதிகாரி வந்து பார்ப்பார், கோர்ட் தேதி வரும். பாட்டி சட்டப்படி கார்டியன் ஆனால் கேஸ் மூடலாம். ஆனால் கேஸ் மூடினால் பணமும் நின்றுவிடும். பாட்டி எப்படி ஒப்புக்கொள்வார்? 1997-ல், 'கார்டியன் ஆனாலும் பணம் தொடரும்' என்று ஒரு பிரிவினருக்கு மட்டும் மாற்றினார்கள். யாருக்கு இந்தச் சலுகை என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் ஒப்பீடு சுத்தமாக இருந்தது. சலுகை கிடைத்த பக்கம், நிரந்தரமான வீடு அமைந்த குழந்தைகள் சுமார் 6 சதவீதப் புள்ளி அதிகம். ஆறுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஆயிரம் குழந்தைகளுக்கு அறுபது பேர். 2008-ல் நாடு முழுக்க மாநிலங்கள் இதைச் செய்யலாம் என்று சட்டமே வந்துவிட்டது.

கடைசியில் 2018-ல் இன்னொரு சட்டம். குழந்தை வீட்டை விட்டு வெளியேறும் முன்பே, பெற்றோரின் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை, மனநல ஆலோசனை, குழந்தை வளர்ப்புப் பயிற்சி போன்றவற்றுக்கும் அதே மத்தியப் பணத்தைத் தரலாம் என்றது. இந்தச் சேவைகளுக்கு அந்த 1996 வருமான வரம்பு கிடையாது. விலக்குத் திட்டங்கள் 2019 செப்டம்பரோடு முடிந்தன. கால் நூற்றாண்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் விதியைத் தொட்டார்கள்.

நாமும் ஒரு சோதனை செய்தோம்... தெரியாமலே!

2020-ல் கொரோனா வந்தபோது நம் நாட்டில் ஒரு பெரிய சோதனை தானாகவே நடந்தது. அந்தச் சமயம் இல்லங்களில் இருந்த குழந்தைகள் 2,27,518 பேர். தொற்றுக்குப் பயந்து அவர்களில் 1,45,788 பேரைக் குடும்பத்துக்கோ கார்டியனுக்கோ அனுப்பிவிட்டார்கள். இந்த எண்கள் சுப்ரீம் கோர்ட் முன்னால் வந்தவை. பத்தில் ஆறு பேருக்கு மேல்! போக ஒரு வீடு இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படிப் போனவர்களின் படிப்புச் செலவுக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுங்கள் என்று 2020 டிசம்பரில் கோர்ட் உத்தரவிட்டது.

வீட்டுக்கு அனுப்புவது ஒன்று, வீட்டில் நிலைக்க வைப்பது வேறு. பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு ரிஜிஸ்டரில் டிக் போட்டால் வேலை முடியவில்லை. அனுப்பிய பிள்ளை ஸ்கூலுக்குப் போகிறதா, சூளையில் கல் அறுக்கிறதா என்று ஆறாவது மாதம் போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் டீசலுக்கும் பணம் வேண்டும்.

தமிழ்நாடு இந்தத் திசையில் சில அடி எடுத்து வைத்தது. கொரோனாவில் அப்பா, அம்மா இருவரையும் இழந்து சொந்தக்காரர் வீட்டில் வளரும் குழந்தைகளுக்கு, 18 வயது வரை மாதம் 3,000 ரூபாய் என்று 2021-ல் அரசு அறிவித்தது. 2025 செப்டம்பர் 15-ம் தேதி 'அன்புக் கரங்கள்' திட்டம் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள், ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க முடியாத நிலையில் உள்ளவர்கள் ஆகியோருக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். முதல் கட்டத்தில் 6,082 குழந்தைகள். தொகை பெரிதா சின்னதா என்ற பட்டிமன்றம் இருக்கட்டும். இந்தப் பணம் கட்டிலைத் தேடிப் போகவில்லை, பாட்டி வீட்டுத் திண்ணையைத் தேடிப் போகிறது. அதுதான் விசேஷம்.

கட்டவிழ்த்த பணம் என்றால்?

ஆனால் செல்விக்கு வேண்டியது மாதா மாதம் ஒரே தொகை அல்ல. அதைக் கவனியுங்கள். அவளுக்கு வேண்டியது நைட் ஷிஃப்ட் வாரத்தில் குழந்தைகளோடு படுத்துக்கொள்ள ஒரு ஆள். இன்னொரு பெண்ணுக்கு, ஒழுகுகிற வீட்டை மாற்ற பத்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் ஒரே ஒரு முறை. மூன்றாவது வீட்டில் அப்பாவின் குடியை நிறுத்த சிகிச்சை. நான்காவது வீட்டில் பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷனுக்குத் துணை. கண் தெரிந்தால் பேரனை அவரே பார்த்துக்கொள்வார்! ஐந்தாவது பையனுக்கு ஸ்கூல் ஆறு கிலோமீட்டர், ஒரு சைக்கிள் போதும்.

எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் நாம் போவோமா? திட்டத்தில் மட்டும் ஏன்?

மாவட்டத்தில் இருக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் கையில், தலைப்பு எதுவும் ஒட்டாத ஒரு சிறு தொகையைக் கொடுத்துப் பார்க்கலாம். 10 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 4,000 என்று பிரித்தால், ஒரு வருஷத்துக்கு 20 குழந்தைகளோடு தீர்ந்துவிடும். இருபத்தொன்றாவது குழந்தைக்கு ஹாஸ்டல்தான். அதையே தேவைக்குத் தக்கபடி பிரித்து, சராசரியாக ஒரு வீட்டுக்கு 20,000 ஆனால் 50 குடும்பங்களைத் தாங்கிப் பிடிக்கலாம். முழுக் கணக்கும் தணிக்கைக்குப் போகட்டும், தப்பில்லை. 'ஏன் சைக்கிள் வாங்கினாய்?' என்று கேட்காமல், 'சைக்கிள் வாங்கிய பிறகு பையன் வீட்டில் இருக்கிறானா?' என்று கேட்டால் போதும்.

அளக்கவும் வேண்டும். ஒரு ஒன்றியத்தில் புது முறை, பக்கத்து ஒன்றியத்தில் பழைய முறை என்று ரெண்டு வருஷம் ஓட்டிப் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டிக்கு இது பொருத்தம். ஆலைத் தொழிலாளி, வடமாநிலத்தவர், சூளைக் குடும்பம், இருளர் குடியிருப்பு என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அளவுகோலும் சுலபம். குழந்தை வீட்டை விட்டு வெளியே இருந்த நாட்கள் எத்தனை? வீட்டுக்குப் போனது மறுபடி இல்லத்துக்குத் திரும்பியதா? ஸ்கூல் வருகை எத்தனை நாள்? உடம்பில் காயம் உண்டா? இந்த நாலும் போதும். 'இத்தனை பேருக்கு உதவினோம்' என்று விழா மேடையில் வாசிக்கும் எண்ணிக்கை இதில் சேராது.

ஒரு நியாயமான பயம்

''பணத்தைக் கையில் கொடுத்தா அப்பன் டாஸ்மாக்ல கொண்டுபோய்க் கொட்டிடுவான் சார்!'' இது நியாயமான பயம். அதனால்தான் பணத்தோடு கூடவே வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆள் வேண்டும் என்கிறோம். சில இடங்களில் பணத்தைக் கையில் தராமல் வாடகையை, ஃபீஸை நேரடியாகக் கட்டலாம்.

எல்லாக் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பு என்பதும் ஆபத்து. சொந்த வீட்டிலேயே சூடு வாங்கிய குழந்தை, சொந்தக்காரனிடமே சீரழிந்த குழந்தை உண்டு. அவர்களுக்கு நல்ல இல்லம் ஒரு உயிர்க்கவசம். வேறொரு குடும்பத்தில் வளர்வது இன்னும் நல்லது. 2024-ல் திருத்திய வளர்ப்புப் பராமரிப்பு விதிகள், 35 முதல் 60 வயது வரை உள்ள தனி நபர்களும் குழந்தையை ஏற்கலாம் என்று கதவைத் திறந்திருக்கின்றன. வீட்டில் வளரக்கூடிய குழந்தைகள் வீட்டுக்குப் போனால், நிஜமாகவே போக்கிடம் இல்லாத குழந்தைகளுக்கு இல்லத்தில் கூடுதல் கவனிப்பு கிடைக்கும். முப்பது பேருக்கு ஒரு வார்டன் என்பது பத்துப் பேருக்கு ஒருவர் ஆகும்.

நீங்க என்ன செய்யலாம், பிரதர்?

இல்லங்களுக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ''இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு செய்திருக்கீங்களா? போன வருஷம் எத்தனை குழந்தைங்க வீட்டுக்குத் திரும்பினாங்க? திரும்பினவங்களைப் போய்ப் பார்க்கிறீங்களா?'' கண் பளிச்சிட்டுப் பதில் சொல்கிற இல்லத்துக்கு இன்னும் ஒரு பங்கு சேர்த்துக் கொடுங்கள். 'அவங்க வீட்டுக்குப் போற செலவுக்கு இது' என்று சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் ஏரியாவில் ஒரு செல்வி இருந்தால், ஹாஸ்டல் விலாசம் தரும் முன் 1098-க்கு ஒரு போன் போடுங்கள். குழந்தைகள் உதவி எண், இலவசம். நிதி ஆதரவுத் திட்டம் பற்றி அவளுக்குச் சொல்லுங்கள். ஃபாரத்தைப் பூர்த்தி செய்து கொடுங்கள். எக்ஸெல் ஷீட்டோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு அரை மணி நேரம். அவளுக்கு நாலு நாள் கூலி.

கம்பெனியில் சமூகப் பொறுப்பு நிதிக் கமிட்டி பக்கம் போக்குவரத்து உள்ளவரா? 2014 ஏப்ரலிலிருந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்ற சட்டப் பட்டியலில், அனாதைகளுக்கு விடுதி கட்டுவது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதனால் எல்லோரும் கட்டிடத்துக்கே ஓடுகிறார்கள். ஆனால் அதே பட்டியலில் பசி, வறுமை ஒழிப்பும் இருக்கிறது. ஒரு தாயின் வீட்டு வாடகையையும், நைட் ஷிஃப்ட் நேரக் குழந்தைகள் காப்பகத்தையும் அந்தத் தலைப்பில் கொண்டுவர வழி இருக்கிறதா என்று ஆடிட்டரைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே சங்கடம்: கட்டிலில் கம்பெனி பெயரை பெயின்டில் எழுதலாம். அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கும் பையன் மேல் எழுத முடியாது!

வருடா வருடம் கமிட்டியில் ''எத்தனை கட்டில் வாங்கிக் கொடுத்தோம்?'' என்று கேட்பார்கள். இந்த வருஷம் யாராவது ஒருவர் எழுந்து, ''எத்தனை கட்டில் காலியாச்சு சார்?'' என்று கேட்கட்டுமே!